ஷம்மா வீட்டுக்குள் ஒரு காவல் கோபுரம்

நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அது முடிந்ததும் நித்யா என்னைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அபுதாபியில் பிறந்து வளர்ந்த பெண். தமிழில் ஆரம்பிக்கும் வாக்கியத்தை ஆங்கிலத்தில்தான் முடிப்பாள். அவளுடைய திரையில் ஒரு பழைய கோட்டை மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. காலையில் கட்டடங்களை அளக்கும் ஸ்கேனரை அந்தக் கோட்டை முற்றத்தில் நிறுத்தியிருக்கிறாள். மதியத்துக்குள் சுவர், விரிசல், கூரை எல்லாம் கணினிக்குள் வந்துவிட்டன.

"ஆன்ட்டி, இது இல்லாம நீங்க எப்படி மெஷர் பண்ணீங்க? சீரியஸா கேக்குறேன்."

டேப், தூக்குக்குண்டு, ஏணி என்றேன். அவள் நம்பாமல் சிரித்தாள். அந்தக் கருவி என் காலத்தில் இருந்திருந்தால் நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பேன். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்த கழுத்து வலி மிச்சமாகியிருக்கும். ஆனாலும், கதவுக்கு அந்தப் பக்கம் யாரையும் விடாத ஒரு வீட்டை அளந்த கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை நித்யாவுக்கு அரைகுறையாகத்தான் சொன்னேன். முழுவதும் இங்கே எழுதுகிறேன்.

திருச்சியில் பாலிடெக்னிக் படித்துவிட்டு, கல்யாணமாகி அல் ஐன் வந்தேன். என் கணவருக்கு ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் வேலை. நான் ஒரு கன்சல்டன்சியில் சேர்ந்து வில்லா பிளான்களாக வரைந்து தள்ளினேன். ஒரு வில்லாவை வலம் இடமாகத் திருப்பிப் போட்டால் பக்கத்து வில்லா. பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம், பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் அரசு அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்குப் பெண் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. எதற்குப் பெண்தான் வேண்டும் என்கிறார்கள் என்று அப்போது புரியவில்லை. டியூட்டி மூன்று மணிக்கு முடிந்துவிடும் என்பதற்காகவே விண்ணப்பித்தேன்.

அங்கே எனக்கு மேலதிகாரி உஸ்மான். சூடான் நாட்டவர், நெடுநெடுவென்ற உயரம், பேச்சு மிக மெல்லிசு. எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் முதலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே சுற்றி வருவார். பிறகு வாசலில் நின்று கதவைத் தட்டி சலாம் சொல்வார். கூரை விழுந்து வெறும் சுவர் மட்டும் நிற்கிற வீடாக இருந்தாலும் தட்டுவார். ஒருமுறை நான் சிரித்துவிட்டேன். யாராவது இருந்தால் என்ன செய்வது என்று திருப்பிக் கேட்டார். அன்று உள்ளே ஓர் ஆடு குட்டிகளோடு படுத்திருந்தது. அதன்பிறகு நான் சிரிப்பதை விட்டேன்.

வேலையில் ஆமை வேகம். காண்ட்ராக்டர்கள் அவரைக் கண்டால் பல்லைக் கடிப்பார்கள். யாராவது கத்தினால் பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பிப்பார். கத்துகிறவர் ஓயும்வரை சீவுவார். என் வரைபடங்களைச் சரிபார்க்கும்போது தாளில் எங்காவது ஒரு விரலை வைத்து, "இதை நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்பார். பார்க்கவில்லை, இப்படித்தான் இருக்கும் என்று போட்டேன் என்றால், மறுபேச்சுப் பேசாமல் அந்த இடத்தை அழித்துவிடுவார். அங்கே தாள் வெள்ளையாகவே இருக்க வேண்டும். பார்க்காததை வரைவது அவருக்குப் பொய் சாட்சி சொல்வது மாதிரி.

அவருடைய அறையில் ஓர் ஆங்கிலேயப் பண்ணை மாளிகையின் வரைபடம் தொங்கியது. இங்கிலாந்தில் படித்த காலத்தில் ஒரு கோடை முழுக்க அவரும் சக மாணவர்களும் அளந்தது. வெளியிலிருந்து பார்த்தால் செங்கல் முகப்பு. வாசலுக்கு இரண்டு பக்கமும் ஜன்னல்கள் ஒரே ஒழுங்கில் நிற்கும். ஒரே நாளில் யோசித்து ஒரே கையால் கட்டியது போலிருக்கும். வரைபடத்திலோ ஒவ்வொரு காலத்துச் சுவருக்கும் ஒவ்வொரு விதமான கோடு போட்டிருந்தார்கள். நடுவில் மரச் சட்டங்களால் கட்டிய ஒரே ஒரு பெரிய கூடம். ஆதியில் வீடு என்பதே அதுதான். தரை நடுவில் தீ மூட்டி, எஜமானரும் வேலையாட்களும் அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த தலைமுறை புகைபோக்கி வைத்து, கூடத்துக்கு நடுவே ஒரு மாடியைச் செருகியது. அதற்கடுத்து வந்தவர்கள் சமையலறையை ஒதுக்குப்புறமாகத் தள்ளினார்கள். பக்கத்துக்கு ஒரு கட்டு சேர்த்தார்கள். கடைசியாக வந்த பணக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் மறைத்துச் செங்கல்லில் முகப்பு எழுப்பினார். ஒழுங்கு கெடக்கூடாது என்று ஓர் இடத்தில் ஜன்னலே இல்லாமல் ஜன்னல் மாதிரி வண்ணம் மட்டும் அடித்திருந்தாராம். பழைய கூடம் அங்கே இருந்தது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். மாடிக்கும் மேலே, கூரை உத்தரங்களில் புகைக்கரி படிந்திருந்தது என்றார். எந்த அடுப்பும் இல்லாத உயரத்தில் கரி.

வீடுகள் ஒரே தடவையில் கட்டப்படுவதில்லை, ஒன்றுக்குள் ஒன்றாக வளர்கின்றன என்பதை நான் அந்தப் படத்திலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

சில வருடம் கழித்து சயீத் என்பவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பேரீச்சந்தோப்பின் ஓரத்தில் அவர்கள் குடும்பத்தின் பழைய வீடு இருந்தது. சுடாத மண் செங்கல்லில் கட்டிய பெரிய வீடு. முன்பக்கம் விருந்தினருக்கான மஜ்லிஸ், ஒரு பக்கம் பேரீச்சம்பழம் அடுக்கிவைக்கும் அறை, நடுவில் முற்றம், அதைத் தாண்டிப் பெண்கள் கட்டு. அங்கே சயீதின் அத்தை ஷம்மா ஒரு வேலைக்காரப் பெண்ணோடு தனியாக வாழ்ந்தார். சயீதின் மாமாவான கணவர் காலமாகி வெகுகாலம். பிள்ளைகள் இல்லை. தாயில்லாத சயீதை வளர்த்தது அவர்தான்.

பெண்கள் கட்டின் வெளிச்சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடியது. சயீத் கூட்டிவந்த இன்ஜினியர் அதை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, சுவர் பிரிந்துகொண்டிருக்கிறது, குடியிருப்பது ஆபத்து, இடிப்பதே நல்லது என்று எழுதிக் கொடுத்திருந்தார். இடிப்பதற்கு எங்கள் அலுவலகத்தின் சம்மதம் வேண்டும். அதே வளாகத்தில் சயீத் அத்தைக்காகப் புது வில்லா கட்டி முடித்திருந்தார். ஷம்மாவோ அசைய மறுத்தார். சயீத் கெட்டவரில்லை. ஒரு நாள் அந்தச் சுவர் அத்தையின் மேல் விழுந்துவிடும் என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போகிறது என்றார்.

உள்ளே போய்ப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றார் உஸ்மான். ஆனால் ஷம்மா வெளி ஆண்களைப் பெண்கள் கட்டுக்குள் விடமாட்டார். உஸ்மான் என்னைத் திரும்பிப் பார்த்தார். விளம்பரத்தில் ஏன் பெண் கேட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஷம்மா குள்ளமானவர். முகத்தில் புர்கா அணிந்திருந்தார். அந்தப் பளபளப்பான துணி முகமூடிக்குள்ளிருந்து கண்கள் மட்டும் என்னை அளந்தன. என் அரபி கடைத்தெரு அரபி. அவருக்குக் கொஞ்சம் இந்தி வரும். இரண்டையும் கலந்து சமாளித்தோம். எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் கூப்பிடுவது மாதிரி நான் உம்மா என்றேன். அது அவர் காதுக்கும் சரியாகவே பட்டது. என்னை அவர் முஹந்திஸா, அதாவது இன்ஜினியரம்மா, என்றார். நான் இன்ஜினியர் இல்லை என்று திருத்தியதை அவர் பொருட்படுத்தவில்லை. வீட்டை இடிக்கத்தான் அளக்கிறாயா என்று மட்டும் கேட்டார். தெரியாது, அளந்தால்தான் தெரியும் என்றேன். அப்படியானால் அள என்று சொல்லி காபி ஊற்றினார்.

அளவெடுப்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஒவ்வோர் அறையிலும் நான்கு பக்கத்தையும் அளக்க வேண்டும், பிறகு மூலைக்கு மூலை குறுக்கே அளக்க வேண்டும். பழைய வீட்டில் எந்த அறையும் சதுரமில்லை. குறுக்களவு எடுக்காவிட்டால் தாளில் பொய்யான சதுரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சுவரின் உச்சியிலிருந்து நூலில் குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை மேலும் நடுவிலும் கீழும் குறித்துக்கொள்ள வேண்டும். சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அது சொல்லிவிடும். வேலைக்காரப் பெண் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். ஷம்மா மெத்தையில் உட்கார்ந்து, நான் எழுதிக்கொள்ளும் எண்களையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அலுவலகத்துக்கு வந்து வரைந்தபோது கணக்கு இடித்தது. உள் அறைகளையும் சுவர்களையும் கூட்டினால் வெளி அளவு வரவில்லை. ஷம்மா படுக்கும் அறைக்கும் பேரீச்சம்பழ அறைக்கும் நடுவில் ஓர் அறை அளவுக்கு இடம் மிஞ்சியது. அதற்குக் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. என் அளவில்தான் தப்பு என்று திரும்பப் போய் அளந்தேன். அதே மிச்சம். உஸ்மான் அந்த இடத்தில் விரலை வைத்தார். பார்க்கவில்லை என்றேன். சரி, வெள்ளையாகவே விடுங்கள் என்றார். அன்று அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

மறைவறை என்ற செய்தி எப்படியோ பரவிவிட்டது. எங்கள் ஃபோர்மேன் முருகேசன் புதுக்கோட்டைக்காரர். மண் வேலைக் குழு முழுவதும் அவர் பொறுப்பு. "அக்கா, உள்ள தங்கம் இருக்குன்னு லேபர் கேம்ப்ல பேசிக்கிறாங்க. இருந்தா நம்மளையா உள்ள விடுவாங்க?" என்றார்.

அடுத்த தடவை ஷம்மாவின் படுக்கையறையில், அந்த வெள்ளை இடத்தை ஒட்டிய சுவரை மட்டும் பொறுமையாகப் பார்த்தேன். அதில் ஒரு சின்ன மாடம். ஷம்மா அதில் கண்மைச் சிமிழும் சாம்பிராணியும் வைத்திருந்தார். மாடம் என்றால் வழக்கமாக அகலமாக இருக்கும். இது ஒரு கை நுழையும் அளவுக்கு ஒடுங்கி, உயரமாக இருந்தது. அவரிடம் கேட்டுவிட்டுச் சிமிழை எடுத்து வைத்து, உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். வாய் குறுகல், உள்ளே போகப் போக அகன்றது. பிறகு பூசிய மண் தட்டியது. துப்பாக்கி நீட்டுவதற்காகக் காவல் கோபுரங்களில் விடும் துளை இப்படித்தான் இருக்கும்: வெளிப்பக்கம் குறுகல், சுடுகிறவன் நிற்கும் உள்பக்கம் அகலம். அப்படியானால் ஷம்மா தூங்கும் அறை ஒரு காலத்தில் வெட்டவெளி. அந்தச் சுவர்தான் கோபுரத்தின் வெளிச்சுவர்.

 டார்ச்சை எடுத்துக்கொண்டு விரிசலுக்குப் போனேன். அறையின் உள்பக்கத்திலிருந்தும் அது தெரியும், விரல் நுழையும் அகலம். சுவர் உடைந்து விரிசல் விட்டிருந்தால் இரண்டு பக்கமும் செங்கல் பிய்ந்து, வைக்கோல் நீட்டிக்கொண்டு நிற்கும். டார்ச் வெளிச்சத்தில் ஒரு பக்கம் வழவழவென்று பூச்சு தெரிந்தது. ஈரமாக இருந்தபோது யாரோ விரல்களால் இழுத்துத் தேய்த்த தடம்கூட அதில் இருந்தது. அந்தப் பூச்சு விரிசலுக்குள் ஓடிக்கொண்டே போயிற்று. விரிசலுக்குள் யாரும் பூச முடியாது. அதைப் பூசிய நாளில் எதிரே இந்தச் சுவர் இல்லை. ஆக இது உடைசல் இல்லை. தனியாக நின்ற கோபுரத்தின் மேல் பிற்பாடு ஒரு வீட்டைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒட்டவே இல்லை.

ஷம்மாவிடம் சொன்னேன். அவர் எழுந்து வந்து விரிசலில் கண்ணை வைத்துப் பார்த்தார். இந்த அறையில்தான் அவர் மணப்பெண்ணாக வந்து இறங்கினாராம். அன்றிலிருந்து அந்த மாடத்தில்தான் கண்மை.

"துப்பாக்கிக்குப் பக்கத்துலதான் இத்தனை காலம் படுத்திருந்தேனா" என்றார். பிறகு வெகுநேரம் சிரித்தார்.

அவருடைய சுவரை உடைக்காமலே மீதியைப் பார்க்க உஸ்மான் ஒரு வழி சொன்னார். ஷம்மா உறவினர் வீட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில் முருகேசனின் ஆட்கள் வெளியே ஏணி சாத்திக் கூரைக்கு ஏறினார்கள். கூரையின் மேல்மண்ணைச் சின்னத் துண்டாக அகற்றி, ஈச்ச ஓலைப் பாயைச் சுருட்டினார்கள். அடியில் கோபுரத்தின் தலை தெரிந்தது. படிப்படியாக ஏறி இறங்கும் கைப்பிடிச் சுவர், வீட்டுக் கூரைக்குள் புதைந்து கிடந்தது. கோபுரத்தின் உள்பக்கம் முழுக்க மண்ணும் கல்லும் கொட்டி இறுக்கியிருந்தார்கள். தங்கம் இல்லை. முருகேசன் ஒரு கைப்பிடி மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்ல மண்ணுக்கா" என்றார்.

கோபுரம் உண்டு என்பது ஒன்று, வீடு நிற்கும் என்பது வேறொன்று. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஜிப்சம் வைத்து ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். கோடை முழுக்க வாரம் ஒருமுறை போனேன். நூலைத் தொங்கவிட்டு அளந்தேன். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஷம்மா, உன் கண்ணாடி நன்றாக இருக்கிறது என்று குரல் கொடுப்பார்.

குளிர்காலத்தில் ஒரு மழை பெய்தது. அல் ஐன் மழை எப்போதாவதுதான் வரும். வந்தால் வாதி என்கிற காட்டாறு நிறைய ஓடும். தோப்பில் ஒரு மதில் இடிந்து விழுந்தது. சயீத் போன் செய்தார். நாங்கள் போனபோது அத்தையை ஏற்றிக்கொண்டு போக பிக்அப் வண்டியை வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். மேலே ஒட்டிய கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது.

 இத்தனை நாள் அளந்ததெல்லாம் ஓர் அம்மாவைச் சாவுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கத்தானா என்று தோன்றியது. ஷம்மா தொழுகை விரிப்பில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான வேலையைச் செய்வோம் என்று நூலை எடுத்தேன். கோபுரச் சுவரில் கோடையில் இருந்த அதே அளவு, மயிரிழைகூட மாறவில்லை. வெளிச்சுவர் கொஞ்சம் வெளியே சாய்ந்திருந்தது. அதன் அடிப்பகுதியைத் தட்டினேன். பொத்தென்று வெற்றொலி கேட்டது. சில வருடங்களுக்கு முன்பு யாரோ நல்லெண்ணத்தோடு அந்த அடிச்சுவருக்கு சிமெண்ட் பூசியிருந்தார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல், பூச்சுக்குப் பின்னால் மண் கரைந்துகொண்டிருந்தது.

அன்று மாலை சயீதின் மஜ்லிஸில் உட்கார்ந்தோம். இன்ஜினியரும் வந்திருந்தார். எல்லோரும் உஸ்மானைப் பார்த்தார்கள். நான் அந்த அறைக்குள் போனதில்லை, போனவர் இவர்தான், இவரைக் கேளுங்கள் என்று அவர் என்னைக் காட்டினார்.  இன்ஜினியர் நேராகவே கேட்டார்: வீடு பத்திரமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பீர்களா?

"எழுத மாட்டேன். அது ஒரு வீடு இல்லை, ரெண்டு கட்டடம். உள்ள இருக்கிறது நகரவே இல்லை. வெளிச்சுவர் நகருது. ஏன் நகருதுன்னு தெரியுது, அதனால நிறுத்தலாம்."

போட்டோக்களையும் நூல் அளவுகளையும் மேசையில் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எனக்கு உள்ளே அனுமதி கிடைக்கவில்லை, வெளியிலிருந்து பார்த்தால் இடிக்கத்தான் சொல்ல முடியும் என்றார். அது நியாயம்தான். பிறகு அவரே ஒரு தாளை இழுத்து, வெளிச்சுவருக்கு எந்த இடங்களில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று வரைய ஆரம்பித்தார்.  வேலை முடியும்வரை அத்தை அந்தப் பக்கம் படுக்கக் கூடாது என்று மட்டும் சயீத் கேட்டுக்கொண்டார். மஜ்லிஸை ஒட்டிய அறைக்கு ஷம்மா மாறினார். அதற்கு அவர் சம்மதித்ததே பெரிய அதிசயம் என்றார் சயீத்.

முருகேசனின் ஆட்கள் சிமெண்ட்டை உளியால் கொத்தி எடுத்தார்கள். மண்ணும் வைக்கோலும் தண்ணீரும் குழிக்குள் கலந்து, நாற்றம் எடுக்கும்வரை புளிக்க விட்டார்கள். நாறினால்தான் பிடிப்பு வரும். அடிச்சுவரை ஒரேயடியாக எடுக்காமல், ஒரு துண்டு எடுத்துக் கட்டி, அது உலர்ந்தபின் ஒரு துண்டு தள்ளி அடுத்ததை எடுத்தார்கள். பல் மருத்துவர் வேலை மாதிரி. ஷம்மா நாற்றத்தைப் பற்றித் தினமும் புகார் சொன்னார். தினமும் எல்லோருக்கும் காபியும் பேரீச்சம்பழமும் கொடுத்தனுப்பினார். விரிசலை நாங்கள் அடைக்கவில்லை. மழை இறங்காமல் மேலே ஓர் ஓடு வைத்ததோடு சரி. இரண்டு கட்டடங்கள், இரண்டாகவே இருக்கட்டும் என்றார் உஸ்மான். அடுத்த மழையில் நூல் நகரவில்லை. வீட்டைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள்.

அதைச் சொல்லத்தான் நான் ஷம்மாவிடம் போனேன். அவர் தம் படுக்கையறைக்கே திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அறையில் மூட்டைகள் கட்டியிருந்தன. வேலைக்காரப் பெண் சிமிழ்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். சயீத் வாசலில் திகைத்துப்போய் நின்றார். அவருக்கும் அப்போதுதான் தெரியும் போலிருக்கிறது. உம்மா, வீடு விழாது, நீங்கள் இங்கேயே இருக்கலாம் என்றேன்.

"விழாதுன்னு நீ சொன்ன பிறகுதானே போறேன். விழுற வீட்டிலேர்ந்து என்னை ஓடச் சொன்னாங்க. நான் ஓட மாட்டேன். இப்ப நடந்து போறேன்."

கதவைத் தாமே சாத்தினார். முற்றத்தைத் தாண்டி, தோப்பு ஓரமாக, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சயீத் மூட்டையோடு பின்னால் வந்தார். வில்லாவின் குளிர்ந்த கூடத்தில் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். பத்து கோடையாக இந்தக் குளிருக்காகத்தான் ஏங்கினேன் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். சயீதிடம் சொல்லிவிடாதே என்று கண்ணைக் காட்டினார். பிறகு ஏசி ரிமோட்டை எடுத்து நீட்டி, எதை அழுத்தினால் இன்னும் குளிரும் என்று கேட்டார்.

அந்த வீட்டுக்காக நான் செய்த கடைசி வேலை அதுதான். பதினாறில் வைத்துக் கொடுத்தேன்.